புகை, கொழுப்பு, குடி: பேராத் தமிழரிடையே மூன்று தீங்குகளின் கணக்கு

புகைபிடித்தல், கொழுப்பு மிகுந்த உணவு, மிகையான குடி ஆகிய மூன்றில் எது பெரிய கேடு என்பதற்கு ஒரே விடை கிடையாது. பழக்கம் உள்ளவரின் ஆயுளை மட்டும் கணக்கிட்டால் சிகரெட்டுக்கு முதலிடம். அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள் படும் பாட்டையும் சேர்த்தால் குடி முந்திக்கொள்ளும். ஒரு சமூகத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு மருத்துவமனைக் கட்டில்களை எண்ணினால் சாப்பாட்டுத் தட்டுதான் முன்னால் வரும். பேரா மாநிலத் தமிழரிடையே, அதிலும் ரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங், தெலுக் இந்தான் வட்டாரங்களில் குடியேறிய குடும்பங்களிடையே, இந்த மூன்று கணக்குகளும் மூன்று விதமாக விழுகின்றன. சமூகத்தின் அச்சமும் கோபமும் மட்டும் நூறாண்டாகக் குடியின்மேலேயே நிலைத்திருக்கின்றன.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1877இல் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் வந்தது. பால் வெட்டிக் களைத்த உடம்புக்கு வேறு பொழுதுபோக்கு ஏதும் வைக்கப்படவில்லை. சம்பளப் பணத்தில் கணிசமான பங்கு அந்தக் கடையிலேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றது. 1947 தொடக்கத்தில் கெடா மாநிலம் பீடோங் பகுதியில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோது போலிஸ் நடவடிக்கையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மலாயாத் தமிழ்த் தொழிலாளியின் அரசியல் விழிப்பு ஒரு பகுதி கள்ளுக்கடை வாசலில்தான் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கள் வீரியம் குறைந்த பானம். தென்னங்கள்ளில் சாராயச் சத்து பொதுவாக 5 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அரை லிட்டர் குடித்தால் உடலில் சேர்வது ஏறத்தாழ 20 கிராம் தூய ஆல்கஹால். கள்ளுக்கடைகள் அருகியபின் அந்த இடத்தைப் பிடித்த சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் கணக்கு வேறு. 37 விழுக்காடு வீரியமுள்ள சாராயம் 150 மில்லி புட்டியில் இருந்தால் அதில் ஏறத்தாழ 44 கிராம் ஆல்கஹால் உண்டு. 320 மில்லி பீர் டின்கள் மூன்றரை குடித்ததற்கு அது சமம். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை மிகுகுடி என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஒன்றரைப் புட்டியில் அந்த எல்லை தாண்டப்படுகிறது. கல்லீரலோ மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்துத் தள்ளும். மாலையில் இரண்டு புட்டி குடித்தவரின் இரத்தத்தில் மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும் நேரத்திலும் சாராயம் மிச்சமிருக்கும். மோட்டார் சைக்கிளில் செம்பனைக் காட்டுச் சாலையில் போகும் அந்த ஆள் தெளிந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். விலை மலிவு, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு, மூலைக் கடையிலேயே கிடைக்கும் வசதி: இம்மூன்றையும் சுட்டிக்காட்டித்தான் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் சம்சுவுக்கு எதிராகக் குரல் கொடுத்தது.

இதில் கள்ளச் சரக்கும் கலந்தால் நிலைமை அடியோடு மாறும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர், பேரா ஆகிய இடங்களில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்குவதைப் போதையின் அடையாளம் என்று எண்ணிப் படுத்துவிடுவதால்தான் பலரும் மருத்துவமனைக்குப் பிந்தி வருகிறார்கள்.

சட்டப்படி விற்கும் மது செய்யும் கேடு மெதுவானது. முதலில் கல்லீரலில் கொழுப்புப் படியும்; இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகு அழற்சி, அதையும் தாண்டினால் சுருங்கித் தழும்பேறிய கல்லீரல். இரத்த அழுத்தம், பக்கவாதம், கணைய அழற்சி, இதயத் தசைத் தளர்ச்சி ஆகியவையும் குடியின் கணக்கில் வரும். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என ஏழு இடங்களில் அதன் கை நீள்கிறது. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பேச்சை இன்று ஆய்வுலகம் பெரிதும் கைவிட்டுவிட்டது. குடிக்காதவர் பட்டியலில் நோயினால் குடியை விட்டவர்களையும் சேர்த்து எண்ணியதால் வந்த மயக்கம் அது.

ஆனாலும் குடியின் தனிக்குணம் பிறரைக் கெடுப்பதில் இருக்கிறது. 2010இல் டேவிட் நட் தலைமையிலான பிரிட்டிஷ் அறிஞர் குழு இருபது போதைப்பொருள்களை, பயன்படுத்துபவருக்கும் பிறருக்கும் செய்யும் தீங்குகளின் அடிப்படையில் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தியது. மது 72 புள்ளியோடு ஹெராயினையும் முந்தி முதலிடத்துக்கு வந்தது; புகையிலைக்குக் கிடைத்தது 26. அடிபட்ட மனைவி, பள்ளிக்கட்டணம் போன குழந்தை, சாலையில் மோதப்பட்ட அந்நியர் ஆகியோரை எல்லாம் கணக்கில் கொண்டுவந்ததன் விளைவு இது. அந்த மதிப்பெண் முறையைக் குறைசொன்னவர்களும் உண்டு. தோட்டப்புறத்துப் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்கள் எந்தக் கணக்கும் போடாமலே அதே விடையைச் சொல்லியிருப்பார்கள்.

மலேசிய மக்கள்தொகையில் மது அருந்துவோர் குறைவு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே நடப்பில் குடிப்பவர்கள். இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இந்தச் சராசரி எண் தமிழரின் நிலையைச் சரியாகக் காட்டாது. குடியின் சுமை குடிக்கும் சமூகங்களின் தோளிலேயே குவிகிறது.

சிகரெட் இந்த அளவுக்குக் கோபத்தைச் சம்பாதித்ததில்லை. சம்பளம் போவது தெரியாது, வீட்டில் சத்தம் எழாது, மறுநாள் வேலை கெடாது. லயத்து வாசலில் பீடியும் சுருட்டும் பெரியவர்களின் உரிமையாகவே இருந்தன. ஆனால் ஒரு தனிமனிதரின் உடலுக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் மூன்றில் இதற்கு இணை இல்லை. 1951இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 34,439 பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கினர். ஐம்பது ஆண்டு முடிவுகள் 2004இல் வெளிவந்தன. இளமை முதல் விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவருக்கு மூன்று ஆண்டு மீண்டது, 50இல் விட்டவருக்கு ஆறு, 40இல் ஒன்பது, 30இல் விட்டவருக்குக் கிட்டத்தட்ட முழுப் பத்தும். உணவிலோ குடியிலோ இவ்வளவு தெளிவான கணக்கு மருத்துவ ஆய்வில் அரிது.

புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எழுபதளவில் புற்றுநோய் விளைவிப்பவை. நிக்கோட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கும், கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரத்தம் உறையும் தன்மை கூடும். நுரையீரல் புற்றுக்குப் பல ஆண்டுப் புகை வேண்டும், மாரடைப்புக்கு வேண்டியதில்லை. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்கே, இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி வந்துவிடுகிறது. சாப்பிட்டபின் ஒன்று மட்டும் என்று சமாதானம் சொல்பவர்கள் அறிய வேண்டிய கணக்கு இது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் புகைப்பவருக்கு ஏறத்தாழ இரட்டிப்பு.

தோட்டத்துப் புகையிலைக்கு இன்னொரு முகம் வெற்றிலைப் பெட்டி. மலேசியப் பெண்களில் புகைப்போர் நூற்றுக்கு ஒருவரளவே. ஆனால் வெற்றிலை பாக்கோடு புகையிலை மென்ற தோட்டத்துப் பாட்டிமார்களின் எண்ணிக்கை அந்தப் புள்ளிவிவரத்துக்குள் வராது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம். புகையிலையும் சாராயமும் ஒரே வாயில் சேரும்போது ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. சாராயம் வாயின் உட்தோலை இளக்கிப் புகையிலை நஞ்சுக்கு வழிவிடுகிறது.

சட்டம் இந்தப் பக்கம் வேகமாக நகர்ந்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது; மாமாக் கடை மேசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப்போய்ப் புகைக்க வேண்டியதாயிற்று. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வேப் கருவிகளையும் தன் கீழ்க் கொண்டுவந்துள்ளது. புகைப்போர் விகிதம் 2015இல் 22.8 விழுக்காடு, 2019இல் 21.3, 2023இல் 19. சரிவு உண்மைதான், ஆனால் மெதுவானது. வரி ஏற ஏறக் கடத்தல் சிகரெட் பெருகி, ஒரு வேளைப் பசியாறல் விலையில் ஒரு பாக்கெட் கிடைப்பது அந்த மெதுவுக்கு ஒரு காரணம்.

உணவைப் பற்றிய பேச்சு இவ்வளவு எளிதல்ல. குடி ஒழிப்புக் கூட்டம் முடிந்ததும் தே தாரேக்கும் வடையும் பரிமாறப்படுவதை யாரும் முரணாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லைதான். சிகரெட்டுக்குப் பாதுகாப்பான அளவு இல்லை, கொழுப்புக்கு உண்டு. கொழுப்பில்லாமல் உடல் இயங்காது. எந்தக் கொழுப்பு, எவ்வளவு, எப்படிப்பட்ட வாழ்க்கையோடு என்பதே கேள்வி.

தோட்டத்துத் தொழிலாளியின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மேடும் பள்ளமுமான காட்டில் நானூறு, ஐந்நூறு மரங்களுக்கு நடந்து குனிந்து நிமிர்ந்து வெட்டு, அதே வழியில் திரும்பி வந்து பால் எடுப்பு, தோளில் சுமக்கும் காண்டாக் கழியில் தொங்கும் வாளிகளோடு நிறுவைக்கு நடை. பகலில் தட்டு நிறையச் சோறு, கருவாட்டுக் குழம்பு, கீரை, கொஞ்சம் சம்பல். அந்தச் சோற்றின் கடைசிப் பருக்கையும் மாலைக்குள் வேர்வையாகிவிடும். ஐம்பதுகளின் தோட்டத் துண்டாடல், பின்னர் ரப்பரின் இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தது என்று அடுத்தடுத்து வந்த மாற்றங்கள் அந்த மக்களைப் பட்டணத்து ஓரங்களுக்குத் தள்ளின. வேலை மாறியது: லாரி ஓட்டுநர், பாதுகாவலர், தொழிற்சாலை இயந்திரத்தின்முன் எட்டு மணி நேரம். நடை நின்றது. சோற்றின் அளவு நிற்கவில்லை. அதோடு மாமாக் கடையும் சேர்ந்தது. ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி. இரண்டு ரொட்டியும் கெட்டிப்பால் ஊற்றிய ஒரு தே தாரேக்கும் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலேயே முடித்துவிடும்.

இதன் விளைவு 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. நாடு முழுவதும் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். உயர் இரத்தக் கொழுப்பு நாட்டின் பெரியவர்களில் 38 விழுக்காட்டினருக்கு இருந்தது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது நீரிழிவினால். இந்தியச் சமூகத்தில் உயிர்ப்பறிப்பில் முன்நிற்பது இதய நோய். குடியால் கெட்ட கல்லீரல் கண்ணில் படுகிறது, பேச்சில் அடிபடுகிறது. ஐம்பது வயதில் தூக்கத்தில் போனவரை விதி என்று சொல்லிவிடுகிறார்கள்.

தெற்காசியரின் உடல்வாகும் இதற்குத் துணைபோகிறது. கை கால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும் உடல்வாகு அது. ஆசிய மக்களுக்கு எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது இதனால்தான். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு தெற்காசியருக்குச் சராசரியாக 53 வயதில், பிற நாட்டாருக்கு 59ஐ ஒட்டி வருகிறது என்று கண்டது. மாரடைப்புக் காரணங்களில் இரத்தக் கொழுப்பின் கோளாறும் புகையும்தான் அதில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

கொழுப்பிலும் தரம் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. தேங்காய் எண்ணெயில் அது 85 விழுக்காட்டுக்கும் மேல், செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி. நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் அது போகக்கூடாது என்பது விதி. 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியிலேயே ஏறத்தாழ 18 கிராம் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக்கை நாள்தோறும் உண்பவர் எளிதில் எல்லையை நெருங்கிவிடுவார். எண்ணெயைத் திடப்படுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம்: கெட்டதை ஏற்றி நல்லதையும் இறக்கும். ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும் தீங்கே. அப்படிக் காய்ச்சிய செம்பனை எண்ணெயை உண்ட எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஈப்போ புந்தோங்கின் கச்சான் பூத்தே கிராமத்துக்குப் பெயர் வாங்கித் தந்த முறுக்கும் பொரித்த கடலையும் ஒரு கைப்பிடியோடு நின்றால் கவலையில்லை. தொலைக்காட்சியின்முன் பாக்கெட் காலியாகும்போது எண்ணெயோடு உப்பும் ஏறிவிடுகிறது.

இங்கே ஒரு தவறான எளிமையைத் தவிர்க்க வேண்டும். எல்லாப் பழியையும் கொழுப்பின்மேல் போடுவது அறிவியலுக்குப் பொருந்தாது. உணவுக் குறைபாடுகளால் உலகில் 2017இல் ஏற்பட்ட மரணங்களை ஏறத்தாழ 1.1 கோடி என்று மதிப்பிட்ட ஆய்வில் முதலிடங்களைப் பிடித்தவை உப்பு மிகுதியும், முழுத்தானியமும் பழமும் போதாமையும். எண்ணெயைக் குறைத்து அந்த இடத்தை வெள்ளைச் சோற்றாலும் சீனியாலும் நிரப்பினால் எந்த நன்மையும் இல்லை. நீரிழிவுக்காரருக்கு அது கெடுதலும்கூட. இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய வரி 2025இல் 90 சென்னுக்கு ஏறியிருப்பது இந்த அறிவின் விளைவே. ஆனால் கடையில் கலக்கித் தரும் தே தாரேக் அந்த வரிக்குள் வருவதில்லை.

உலக அளவில் புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. மது 26 லட்சம். உணவுக்குச் சொன்ன 1.1 கோடியை இவற்றின் பக்கத்தில் வைத்தால் உணவே கொடியது என்று தோன்றும். புகைப்பவர் சிலர், உண்பவர் எல்லாரும் என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும். ஒரே இறப்பு இரண்டு பட்டியலிலும் எண்ணப்படுவதும் உண்டு: புகைத்து, கொழுப்பேறி, மாரடைப்பில் போனவரை எந்தக் கணக்கில் எழுதுவது? இதய நோய் மருத்துவர்களிடம் வரும் நடுவயது ஆண்களில் பலரிடம் பழக்கம் ஒன்றோடு நிற்பதில்லை. குடியோடு சிகரெட்டும், அதோடு பொரித்த கோழியும் ஒரே மேசையில்தான் வருகின்றன.

புகையையும் உணவையும் பிரிக்காமல் தொட்ட வட்டாரம் ஒன்று உண்டு. ஃபின்லாந்தின் வட கரேலியாவில் ஆண்கள் இதய நோயால் கூட்டமாக இறந்துகொண்டிருந்தபோது, 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், உப்புக் குறைப்பு, பள்ளியிலும் வேலையிடத்திலும் புகை நிறுத்தம், பெண்கள் சங்கங்கள் வழியாகச் சமையல் மாற்றம் என்று எல்லாவற்றிலும் கைவைத்தார்கள். நாற்பது ஆண்டுகளில் வேலைசெய்யும் வயது ஆண்களின் இதய நோய் மரணங்கள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைந்தன. அந்தக் குறைவில் பெரும்பங்கு உணவு மாறியதால் கொலஸ்ட்ரால் இறங்கியதற்கு உரியது. புகை நிறுத்தமும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் அடுத்து வந்தன. பேராவில் கோயில் அன்னதானக் குழுக்களும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளும் மகளிர் அமைப்புகளும் அதே வேலையைச் செய்யக்கூடியவை. கள்ளுக்கடை மறியலுக்குத் திரண்ட வலு சமையலறைப் பக்கம் இன்னும் திரும்பவில்லை.

மூன்றும் சேர்ந்த ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு மருத்துவம் தெளிவான விடை வைத்திருக்கிறது. முதலில் சிகரெட், குறைப்பதில் பயன் சொற்பம், முழுதாக விட வேண்டும். விட்ட ஓரிரு ஆண்டுகளில் இதய ஆபத்தின் கூடுதல் பங்கு ஏறக்குறையப் பாதியாகிறது. குடியின் வழி எதிரானது: நெடுநாளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உணவைப் படிப்படியாக மாற்றினால்தான் மாற்றம் நிலைக்கும். சீனியும் எண்ணெயும் உப்பும் முதலில், சோற்றின் அளவு அடுத்து. புகை நிறுத்தும் பிரிவு அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் இயங்குகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் அங்கேயே சோதிக்கப்படுகின்றன. மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. எந்தக் கடத்தல் சிகரெட் பாக்கெட்டும் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை.